அவுரியும் முருங்கையும் மருந்துச் சந்தைக்குப் போகும் வழி: நெல்லைச் சீமையில் புதிதாக இறங்குவோருக்கு

மருந்துச் சரக்குகளின் தரத்தை வரையறுக்கும் ஐரோப்பிய மருந்து நூலில் (ஃபார்மகோப்பியா) நம் ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கிறது. மலமிளக்கும் சரக்குகளில் ‘அலெக்சாண்டிரியா சென்னா காய்’, ‘டின்னவேலி (திருநெல்வேலி) சென்னா காய்’ என்று இரண்டு தலைப்புகளைத் தனித்தனியாக வைத்திருந்தார்கள். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறோமே அவுரி, அதுதான் அந்தச் சென்னா. இந்த ஊர்களெல்லாம் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. தலைமுறை தலைமுறையாக இந்த இலை தூத்துக்குடியில் கப்பலேறுகிறது. ஆனாலும் விளைவித்தவர் கைக்கு வருவது சாக்கு எடைக்கான காசுதான். இலைக்குள் இருக்கும் மலமிளக்கும் சத்தான சென்னோசைடு எவ்வளவு என்று அளப்பதும் அதற்கு விலை வைப்பதும் வேறு எங்கோ நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அந்த அளவைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு அவுரியையும் முருங்கையையும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மருந்து, மற்றது சாப்பாடு. மற்ற செடிகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் வழியிலேயே போகும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: உணவா, மருந்தா, சரக்கா?

இந்தத் தொழிலில் பலர் இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, எந்த உரிமம் எடுப்பது என்று பிறகு அலைகிறார்கள். வரிசை தலைகீழ். ஒரே இலைப்பொடியை மூன்று விதமாக விற்கலாம். மூன்றுக்கும் சட்டம் வேறு, கட்டடம் வேறு, ஒட்டும் சீட்டில் எழுதும் வாசகமும் வேறு.

காய்ந்த இலையைச் சுத்தம் செய்து, தரம் பிரித்து, மருந்துக் கம்பெனிக்கோ ஏற்றுமதியாளருக்கோ கொடுப்பது சரக்கு வியாபாரம். முதல் கொஞ்சம், லாபமும் கொஞ்சம். ஆனால் தொழிலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

உணவு என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் விதிகள். முருங்கை இலையைக் காய வைத்துப் பொடியாக்கி, ‘முருங்கை இலைப் பொடி’ என்றே விற்றால் அது சாதாரண உணவு. வியாபார அளவைப் பொறுத்துப் பதிவோ மாநில உரிமமோ போதும். வரம்புத் தொகை அவ்வப்போது மாறுகிறது. விண்ணப்பிக்கும் அன்று அந்த ஆணையத்தின் உரிம இணையதளமான ஃபாஸ்காஸில் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பொடியை மாத்திரையாகவோ கேப்சூலாகவோ அடைத்து, ‘நாளொன்றுக்கு இரண்டு’ என்று எழுதிவிட்டால் அது ஊட்டச்சத்துத் துணைப்பொருள் ஆகிவிடும். அப்போது 2016-இல் வந்து 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நியூட்ராசூட்டிக்கல் விதிகளுக்குள் நுழைகிறீர்கள். அந்த விதிகளின் நான்காம் அட்டவணையில் எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று பட்டியல் இருக்கிறது. உங்கள் செடி அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் அட்டைப்பெட்டி அச்சடிக்கக் கொடுக்காதீர்கள். வைட்டமின், தாது உப்பு சேர்த்தால் அதன் அளவுக்கும் வரம்பு உண்டு.

மருந்து என்றால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். சித்த மருந்து உற்பத்தி உரிமம் எடுக்க வேண்டும். அந்தச் சட்ட விதிகளின் ‘ஷெட்யூல் டி’ (Schedule T) அட்டவணை சொல்லும்படி கட்டடம், இருப்பு அறை, தரச்சோதனை, படித்த தொழில்நுட்ப ஆள் எல்லாம் வேண்டும். அவுரியை நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை, நிலவாகை என்று கேட்பார்கள். நிலவாகைச் சூரணம் சித்த மருத்துவத்தில் எல்லாரும் அறிந்த மருந்து. அதைச் செய்து விற்க நினைத்தால் இந்த வழிதான். சொந்தமாகக் கட்டடம் கட்ட முடியாதவர்கள், உரிமம் உள்ள ஒருவருடைய ஆலையில் தங்கள் பெயரில் செய்துகொள்ளும் ‘லோன் லைசென்ஸ்’ முறையும் இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. அங்கே குணபாடத் துறையினரிடம் (மருந்துச் சரக்குகளின் குணம் பற்றிய துறை) பேசாமல் எந்தச் சூரணத்தையும் தொடங்க வேண்டாம்.

அவுரியைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். சென்னோசைடு பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியா அதை உடைத்து ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக்குகிறது. குடலைத் தூண்டுவது அதுதான். ராத்திரி சாப்பிட்டால் காலையில் வேலை செய்வது இதனால். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் சரக்கு இது. ஓரிரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. ‘இளைக்க வைக்கும் டீ’ என்று பெயர் போட்டுத் தினமும் குடிக்கச் சொல்லி விற்கிறார்கள் சிலர். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அதில் குறைவது உடம்பிலுள்ள நீரும் பொட்டாசியமும்தான்.

நித்தியகல்யாணியும் அப்படித்தான். அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் புற்றுநோய்க்கு ஊசியாகப் போகின்றன. வீட்டில் பொடி செய்து சாப்பிடும் சரக்கு அது இல்லவே இல்லை. சரக்காக மட்டும் விற்கலாம்.

மலைச் சரக்கில் கை வைக்காதீர்கள்

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு, சேர்வலாறு பக்கம் போனால் மூலிகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி. அங்கிருந்து வேரோ பட்டையோ ஆள் விட்டு எடுத்துவரச் சொல்வது குற்றம். மாட்டுவது உங்களுக்காகப் போன காணிக்காரராக (அந்த மலையில் வாழும் பழங்குடியாக) இருக்கும். செய்யச் சொன்னவர் ஊரில் இருப்பார். இது நடக்கக் கூடாது.

மலைமக்களின் அறிவை வைத்துத் தொழில் செய்ய விரும்பினால் முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மலையின் மேற்குப் பக்கம், கேரளத்தில், 1987-இல் ஆய்வாளர்களுடன் காட்டுக்குள் போன காணி மக்கள் களைப்புத் தெரியாமல் இருக்க ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைத் தின்றார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. 1995-இல் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தபோது கிடைத்த 10 லட்சம் ரூபாயிலும் 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. பயன் பகிர்வு என்று உலகம் முழுக்கப் பாடம் நடத்தும் கதை இது. பின்னால் அதே செடியைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்பதில் தகராறும் வந்தது. நாற்று வளர்க்கும் ஏற்பாடு செய்யாமல் சந்தையைத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே படித்துக்கொள்ளலாம்.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தை 2023-இல் திருத்தினார்கள். பயிரிட்ட மூலிகைக்குச் சலுகை வந்திருக்கிறது. ஆனால் பயிரிட்டதுதான் என்பதற்குச் சான்று கேட்பார்கள். ஊராட்சியில் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கும், அங்கே விசாரியுங்கள். தேசிய ஆணையம் சென்னையிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி.

ஆக, பயிரிட்ட செடி. அதுவும் நம் மண்ணுக்குப் பழகிய செடி.

நிலமும் விதையும்

அவுரிக்கு மழை கொஞ்சம் போதும், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கரிசலாக இருந்தாலும் செவக்காடாக இருந்தாலும் வடிகால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலிருந்து வந்த கே.கே.எம். 1 இந்தப் பக்கத்துக்கென்றே கொடுத்த ரகம். விதைத் தோல் கெட்டி, ராத்திரி ஊற வைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூ எட்டிப்பார்க்கும்போது முதல் பறிப்பு. பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் இலை பெருகும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்று தீர்த்துவிடும்; 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். கடைக்காரர் கொடுக்கும் மருந்தை அடித்தால் அதன் எச்சம் காய்ந்த இலையில் பல மடங்கு செறிந்து நிற்கும், ஆய்வக அறிக்கையில் வந்து நிற்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் இப்போது அதிகம் பார்ப்பது களையை. நம் வயலில் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் தானாக முளைக்கும். இரண்டிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற கல்லீரல் நஞ்சு உண்டு. மூலிகை சேர்ந்த துணைப்பொருளில் இது கிலோவுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஐரோப்பிய வரம்பு 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு மூட்டையில் நாலு களைச்செடி கலந்தால் முழுச் சரக்கும் திரும்பி வரலாம். பறிக்க ஆள் இறங்கும் முன் இந்த இரண்டு செடியையும் காட்டி, வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே போடச் சொல்லுங்கள். சரக்கு முழுவதையும் காப்பாற்றுவது அந்த அரை நாள் கூலிதான்.

முருங்கைக்கு 1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1 ரகம் போதும். காய்க்காக வளர்ப்பதை விட நெருக்கி நட்டு, அடிக்கடி வெட்டி இலையெடுக்கலாம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து மணல் அதற்குத் தோதானது.

களம்: சத்து நிற்பதும் போவதும் இங்கேதான்

இந்தத் தொழில் முழுக்கக் களத்தில் இருக்கிறது என்றே சொல்வேன். ஆலையில் எதைச் செய்தாலும் இலையில் இல்லாத சத்தை வரவழைக்க முடியாது.

அவுரி இலையைக் கடும் வெயிலில் பரப்பினால் இரண்டு நாளில் காய்ந்துவிடும், வெளுத்தும் விடும். நிழலில், காற்றோட்டமாக, மெல்லிசாகப் பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு முறை கிளறிவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் மஞ்சள் கலந்த பச்சையில் நிற்கும். காய்ந்ததா என்று அறிய, கைப்பிடி அள்ளிக் காதருகே கசக்கிப் பாருங்கள். சலசலவென்று நொறுங்க வேண்டும். காம்பு வளைந்தால் இன்னும் ஒரு நாள். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் உள்ளே புழுங்கி, பூசணம் பிடித்து, இலை கறுத்துவிடும். மருந்து நூல் 12 சதவீத ஈரம் வரை விடும். நீங்கள் 10-க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி உப்புக்காற்றில் கிடங்கில் கிடக்கும்போது அதுவாக ஏறும்.

அடுத்தது மண். நம் பக்கம் காற்றடித்தால் கண் திறக்க முடியாது. வெறுந்தரையில் காயப் போட்ட சரக்கை எடுத்துக்கொண்டு கமிஷன் கடைக்குப் போனால், அண்ணாச்சி ஒரு பிடி அள்ளி வெள்ளைத் துண்டில் உதறுவார். “எல நல்லாத்தான் இருக்கு தம்பி, இந்த மண்ணுக்கும் சேத்தா துட்டு குடுக்க?” என்று கேட்பார். அவர் துண்டில் பார்ப்பதைத்தான் ஆய்வகம் ‘அமிலத்தில் கரையாத சாம்பல்’ என்று அளக்கிறது. சென்னா இலைக்கு அது 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீங்களே வீட்டில் பார்க்கலாம்: ஒரு பிடி இலையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, இலையை அள்ளிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். அடியில் படிந்த மணல் விரலில் நெருநெருவென்று பட்டால் சல்லடையையும் களத்தையும் மாற்றியாக வேண்டும். இரண்டடி உயரத்தில் பரண் கட்டி, வலை விரித்து, மேலே நிழல்வலை போடுங்கள். செலவு பெரிதில்லை, பலன் மிகப் பெரிது.

ஆவாரை கலக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இலை பார்க்கக் கொஞ்சம் ஒத்திருப்பதால் ஆவாரை இலையைச் சென்னாவில் கலக்கும் பழக்கம் வெகு காலமாக உண்டு. அதில் சென்னோசைடு கிடையாது.

முருங்கைக்கு நிழல் இன்னும் முக்கியம். வெயில் பட்டால் பீட்டா கரோட்டின் போய்விடும். வைட்டமின் சி எப்படிக் காய வைத்தாலும் பெரும்பகுதி போய்விடும். அதனால் பொடிப் பொட்டலத்தில் ‘ஆரஞ்சைவிட ஏழு மடங்கு’ என்று பச்சை இலைக் கணக்கைப் போடுவது ஏமாற்று. கால்சியமும் இரும்பும் நிற்கும். காலையில் பறித்த இலையை அன்றே நல்ல தண்ணீரில் அலசி, நீர் வடித்து, உருவிப் பரப்புங்கள். உலர்த்தும் இயந்திரம் வைத்திருந்தால் சூடு 50 டிகிரிக்குள் இருக்கட்டும். காம்போடு பத்துப் பன்னிரண்டு கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ பொடி வந்தால் நல்ல கணக்கு. வெளிச்சம் புகாத அலுமினியப் பையில் அடையுங்கள்; கண்ணாடிப் பையில் பச்சை அழகாகத் தெரியும், ஆனால் சில வாரத்தில் பழுப்பாகிவிடும்.

அளவைக் கையில் எடுங்கள்

ஒரு நாள் ஒரு களத்தில் காய்ந்தது ஒரு தொகுதி. அதற்கு ஒரு எண் கொடுங்கள்: வயல், பறித்த தேதி, காய்ந்த நாள், எடை. பள்ளிக்கூட நோட்டு போதும்.

மாதிரி எடுப்பதில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி மூன்றிலும் கொஞ்சம் எடுத்து, ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கிலோ வரும்வரை இப்படியே. நல்ல இலையாகப் பொறுக்கி அனுப்பினால் அறிக்கை நன்றாக வரும், சரக்கு திரும்பி வரும்.

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, சத்தைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறையில் சென்னோசைடு அளவு கேளுங்கள். கூடவே ஈரம், சாம்பல், ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம், பூச்சிமருந்து எச்சம், சால்மொனெல்லா, ஈ. கோலி. முருங்கை என்றால் நுண்ணுயிர்ச் சோதனையில்தான் பலர் தோற்கிறார்கள். காரணம் பெரும்பாலும் அலசிய தண்ணீர்.

ஐரோப்பிய மருந்து நூல் நெடுங்காலம் கேட்டுவந்த குறைந்தபட்ச அளவு: இலையில் 2.5, டின்னவேலி காயில் 2.2, அலெக்சாண்டிரியா காயில் 3.4 சதவீதம். வாங்குகிறவர் கணக்கு எளிது. ஒரு டன் இலையில் 2.5 சதவீதம் என்றால் 25 கிலோ சென்னோசைடு, 1.5 என்றால் 15 கிலோ. எடை ஒன்றுதான், அவருக்கு வித்தியாசம் 10 கிலோ மருந்து. இந்த எண் உங்கள் கையில் இருந்தால் பேரம் வேறு மாதிரி நடக்கும். ஒரு விவசாயி தனியாக ஆய்வுச் செலவைத் தாங்குவது சிரமம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, ஒரே நாளில் ஒரே முறையில் காய வைத்த சரக்கைத் தொகுதியாக்கினால் ஆளுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். இதற்காகவாவது ஊருக்குள் பத்துப் பேர் ஒன்று சேரலாம்.

சாறெடுக்கும் ஆலை இப்போதைக்கு வேண்டாம்

சந்தையில் 20 சதவீதம், 60 சதவீதம் கால்சியம் சென்னோசைடு என்று விற்பதைப் பார்த்து ஆசை வரும். மெத்தனால் போன்ற கரைப்பான், அதற்கான அனுமதி, தீத் தடுப்பு, கழிவு, மீந்து நிற்கும் கரைப்பானின் சோதனை என்று கோடிக்கணக்கில் இழுக்கும் வேலை அது. கூலிக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. உங்கள் தொகுதியைக் கொடுத்து, எத்தனை கிலோ இலைக்கு எத்தனை கிலோ சாறு, எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள். சில பருவம் அப்படிப் பார்த்து, வாங்க ஆள் நிலையாக இருந்தால் பிறகு யோசிக்கலாம்.

சீட்டில் என்ன எழுதலாம்

உணவாகவோ துணைப்பொருளாகவோ விற்பது எதிலும் நோயின் பெயர் வரக் கூடாது. துணைப்பொருளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்பதும், எந்த நோயையும் கண்டறிய, குணப்படுத்த, தடுக்க என்று செய்யப்பட்டதல்ல என்பதும் கட்டாயம். சித்த மருந்து உரிமம் இருந்தாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய், உடல்பருமன் இவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் விளம்பரம்தான்.

ஆளைப் பிடிப்பதும் அனுப்புவதும்

ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண் வேண்டும், இணையத்தில் எடுக்கலாம். சென்னா இலைக்கும் காய்க்கும் 12119022 என்று தனிச் சுங்க எண்ணே இருக்கிறது. தாவர நலச் சான்றைத் தூத்துக்குடியிலேயே வாங்கலாம். ஆர்டரில் ‘அவுரி’ என்று மட்டும் எழுதி ஒப்பந்தம் போடாதீர்கள். சாயம் எடுக்கும் நீலிக்கும் அதே பெயர். தாவரவியல் பெயர், பாகம், சென்னோசைடு சதவீதம், எந்த நூலின் முறைப்படி அளப்பது, யாருடைய ஆய்வக முடிவு இறுதி ஆகிய ஐந்தும் எழுத்தில் வர வேண்டும். கடைசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அங்கே அளந்து 2.1 என்று சொல்லி விலையைக் குறைத்தால் அப்போது பேச வாயிருக்காது.

ஐரோப்பாவுக்கு உணவுத் துணைப்பொருளாக அனுப்ப நினைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2021-இல் அங்கே சென்னா சேர்ந்த பொருட்களை ‘ஆய்வில் உள்ளவை’ பட்டியலில் வைத்தார்கள். மருந்துக் கம்பெனிக்குப் போகும் சரக்குக்கு அந்தக் கேள்வி வராது. புதியவர்கள் மருந்து வழியிலேயே போவது நல்லது.

கடனுக்கும் மானியத்துக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். திட்டங்களின் பெயரும் காலமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் களம், பரண், சல்லடை, ஈரமானி இவற்றுக்கான திட்ட அறிக்கை கையில் இருந்தால் எந்தத் திட்டத்திலும் நுழையலாம்.

அனுப்பிய ஒவ்வொரு தொகுதியிலும் கால் கிலோ எடுத்து, முத்திரை வைத்து, எண் எழுதி, இருட்டான அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முறை, ஒரு வருடம் கழித்து ஒரு முறை அதையே ஆய்வகத்துக்கு அனுப்பி, சத்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பொட்டலத்தில் எத்தனை மாதம் என்று காலாவதி போடுவது என்பதை அந்த அறிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள்.